கிணற்றில் அரைப்பங்கு

1

நாகமுத்து மாமி இறந்துவிட்டார். இந்த ஒரு வரியை என் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போய்விட்டது.

தம்பியின் நீலக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். கையைக் கழுவிவிட்டு, கடிதத்தின் ஓரத்தைக் கத்தியால் கீறி, நின்ற நிலையிலேயே வாசித்தேன். "மாமி காலமை கிணத்தடியிலை குளிச்சுப்போட்டு வந்து படுத்தவா, பிறகு எழும்பேல்லை" என்று எழுதியிருந்தான். அவனுக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. மீனை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். ஈரத் தலையோடு வந்து முன்விறாந்தையில் இருந்தேன்.

பள்ளிக்கூடத்தால் வந்த மகன் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டான்.

"ஏனம்மா அழுறீங்கள்? ஆர் செத்தது?"

"நாகமுத்து மாமி."

"அவா எங்களுக்கு என்ன முறை?"

"முறை ஒண்டும் இல்லை. கிளிநொச்சியிலை பக்கத்துக் காணி."

"ஓ, பக்கத்து வீட்டு ஆன்ரி" என்றாள் எட்டு வயது மகள், விடை கண்டுபிடித்தவள் மாதிரி.

"ஆன்ரி இல்லை. மாமி."

"அப்ப தாத்தாவின்ரை தங்கச்சியோ?"

"இல்லை."

"அப்ப ஏன் நீங்கள் முழுகினனீங்கள்?"

இங்கே மலாயாவில், சிரம்பானில், என் பிள்ளைகளுக்கு எல்லாரும் ஆன்ரி. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி திருமதி லிம் ஆன்ரி. பால்காரரின் மனைவி ஆன்ரி. என்னுடைய சொந்த மச்சாளும் ஆன்ரி. எல்லாரும் ஒரே ஆன்ரி என்றால், அதில் ஒருத்திக்காக மட்டும் ஏன் தலைமுழுக வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை என்னிடம்தான். பத்து வருடமாக மாமியைப் பற்றி ஒரு நாளும் ஆறுதலாக இருந்து அவர்களுக்குச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். வளர்ந்த பிறகு இதை வாசிக்கிற அளவுக்குத் தமிழ் அவர்களிடம் மிஞ்சுமோ தெரியாது. அங்கே ஊரில் இருக்கிற நீங்களாவது வாசியுங்கள்.

2

மாமியின் கதைக்குப் போகமுன் என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது வயதில் கலியாணம் முடித்துக் கப்பலேறி வந்தவள் நான். அவர் இங்கே றெயில்வேயில் கிளாக்கர். வந்த முதல் மாதம் கடைத்தெருவில் ஒரு தமிழ்க் கடைக்காரரிடம், "உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்" என்றேன். "யாவார நேரத்துல கதை கேக்கச் சொல்றீங்களேம்மா!" என்று அவர் சிரித்தார். தமிழரோடு தமிழ் பேசவே இந்தப் பாடு என்றால் மற்றப் பாசை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் புருசனிடமும் பிள்ளைகளிடமும் இருப்பது நீல அடையாள அட்டை, அதாவது இந்த நாட்டுப் பிரசைகள். எனக்கு மட்டும் சிவப்பு. நீலம் வேண்டுமென்றால் அரசாங்கக் கந்தோரில் போய் மலாய் பேசிக்காட்ட வேண்டும். வீட்டில் எனக்கு வாத்தியார் என் மகன். அடிமட்டத்தால் மேசையில் தட்டி, "அம்மா, திருப்பிச் சொல்லுங்கோ" என்பான். பெயர், முகவரி, அயலவர், சந்தை என்று நாலு பாடம் தயார்செய்து தந்தான். அயலவர் பாடத்தில் திருமதி லிம்மைப் போட்டிருந்தான்.

கந்தோரில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு அதிகாரி இருந்தார். பெயரைக் கேட்டார், சொன்னேன். பிறகு, "உங்கள் அயலவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். திருமதி லிம் எங்கே போனாரோ தெரியாது. என் வாயில் வந்தது இதுதான்: "என் அயலவர். பெயர் நாகமுத்து. நல்ல பெண். எனக்கு அரைக் கிணறு தந்தார்."

அதிகாரி பேனையை வைத்துவிட்டார். "அரைக் கிணறா? மேல் பாதியா, அடிப் பாதியா?"

பங்குக் கிணறு என்ற சங்கதியை விளங்கப்படுத்த என் மலாய் போதாது. "இரண்டும்" என்றேன். பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார்கள். சோதனையில் பாஸ்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். சோதனை பாஸானதற்காக இல்லை, மலாயாவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் மாமியின் பெயரைச் சொல்லிவிட்டு வந்ததற்காக. தம்பியின் கடிதம் வந்த பிறகு நாளை எண்ணிப் பார்த்தேன். நான் அப்படிச் சொன்ன அன்று மாமி இறந்து நாலு நாள்.

3

பங்குக் கிணறு என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கிணறு, ரெண்டு மூன்று தோட்டக்காரர். ஆருக்கு எத்தனை பங்கு, ஆருக்கு எந்த நாள், தண்ணீர் போகிற வாய்க்கால் எது என்று எல்லாம் காணி உறுதியில், அதாவது பத்திரத்தில், எழுதியிருக்கும். எழுதாவிட்டால் கோடும் வழக்கும்தான்.

என் அப்பாவுக்கு நடந்தது அதுதான். அவருக்கும் அவருடைய சொந்தத் தமையனுக்கும் ஒரு கிணறு. தாய் சாகும்போது வாயால் பிரித்துவிட்ட பங்கு. தமையன் ஒரு நாள் வேலியை இழுத்துக் கிணற்றைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. தோட்டம் காய்ந்தது, வழக்கும் தோற்றது. "வாய்ப்பேச்சை நம்பிக் கெட்டன்" என்று அப்பா நாளுக்கு ஒரு தரமாவது சொல்வார். அந்தச் சொல்லோடும் ஒரு சோடி மாட்டோடும்தான் கிளிநொச்சியில் அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணிக்கு வந்து சேர்ந்தார்.

மாமியும் புருசனும் அதே வருடம் பக்கத்துக் காணிக்கு வந்தார்கள். ரெண்டாம் வருடம் காய்ச்சலில் புருசன் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர் வந்து, "காணியை விட்டுப்போட்டு ஊருக்கு வா" என்றார்கள். தனிப் பெண் வயல் செய்யமாட்டாள் என்று காணிக் கந்தோரிலும் சொன்னார்கள். மாமி வயலையும் செய்தார், கந்தோருக்கும் போனார். அவர் போன போக்கைப் பார்த்துக் கந்தோர்ப் பியோன் அவருக்கென்று ஒரு கதிரையைத் தனியாகவே எடுத்து வைத்திருந்தான். கடைசியில் பெர்மிட்டைத் தன் பேரில் மாற்றிக்கொண்டுதான் விட்டார். அந்தக் காணி அவருக்கு எப்படிப்பட்டது என்று இதிலேயே விளங்கும். புருசன் வெட்டித் திருத்திய காடு. அதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் இல்லை.

நெடிய மனுசி. வாய்க்காலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் குளக்கட்டில் கேட்கும். பகிடி சொல்லத் தொடங்கி, முடிக்க முன்னமே தானே சிரித்துவிடுவார். பிறகு பகிடி என்னவென்று ஆருக்கும் தெரியாது. அப்பாவை அண்ணை என்பார், அம்மாவை மச்சாள் என்பார். ஆகவே எங்களுக்கு மாமி.

எங்கள் காணியில் தண்ணீர் வாய்க்கவில்லை. முதல் கிணறு பாறையில் முட்டியது. ரெண்டாவதில் சவர்த் தண்ணீர். மூன்றாவது மாரியில் இடிந்து மூடிக்கொண்டது. குளத்து வாய்க்கால் வயலுக்குத்தான், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கிணறு வேண்டும். மாமியின் கிணறு எல்லையிலிருந்து மூன்று எட்டுத் தூரத்தில், அவர் பக்கத்தில் இருந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர். ஆனால் வெறும் மண்கிணறு, மாரிக்கு மாரி கரை சரியும்.

"தங்கச்சி, நான் கல்லாலை கட்டித் தாறன்" என்றார் அப்பா. "ஒரு துலா மரம் போட்டு மிளகாய்க்குத் தண்ணி இறைக்க விடும்."

"கட்டுங்கோ, போடுங்கோ. இதைக் கேக்கவும் வேணுமே?"

ஒரு கோடை முழுவதும் அப்பா அந்தக் கிணற்றுக்குள் நின்றார். மாமி மேலே நின்று கல் இறக்கினார். கட்டி முடித்த அன்று முதல் பட்டைத் தண்ணீரை அள்ளி மாமி அம்மாவின் காலில் ஊற்றினார். எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்க அப்பா தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, இனி இதை எழுதிப்போடுவம்."

"எதை?"

"பங்கை. கிணத்திலை அரைப்பங்கு எண்டு."

"தண்ணியையோ அண்ணை எழுதிறது?" என்று மாமி சிரிக்கத் தொடங்கினார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். தமையனின் வழக்கு மாமிக்கு முழுக்கத் தெரியும். "சரி. எழுதினால்தான் உங்களுக்கு நித்திரை வருமெண்டால் எழுதுவம்" என்றார்.

4

எழுதுவதற்கு அப்பா தேடிப் பிடித்தது எங்கள் பழைய ஊரில் உறுதி எழுதுகிற ஒரு கிழட்டு நொத்தாரிசை. நானும் கூடப் போனேன், எனக்கு அப்போது பதினாலு வயது. ரயில் ஆனையிறவைத் தாண்டும்போது மாமி சன்னலால் தலையை நீட்டி, உப்புக் குவியலைப் பார்த்து, "இவ்வளவையும் ஆர் பிள்ளை தின்னப்போகினம்?" என்று கேட்டார். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நொத்தாரிசு எழுதி முடித்து, "கைநாட்டோ?" என்று மாமியைப் பார்த்துக் கேட்டார். மாமி கடதாசியை வாங்கினார். அஞ்சாம் வகுப்புப் படித்தவர். விரலை வரிக்கு வரி வைத்து, சத்தம் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அரை மணித்தியாலம் இருக்கும். நொத்தாரிசு ரெண்டு தரம் வெற்றிலை போட்டுவிட்டார்.

"இஞ்சை ஒரு பிழை இருக்கு" என்றார் மாமி. "பங்காளியள் ரெண்டு பேரையும் தவிர வேறை ஒருத்தரும் அள்ளக்கூடாது எண்டு எழுதியிருக்கிறியள்."

"அது வழமையா எழுதிற வசனம் பிள்ளை."

"உங்கடை வழமை எனக்கு வேண்டாம். தெருவாலை போற ஒருத்தன் தண்ணிக்கு வந்தால் நான் கோட்டுக்கோ போறது? வெட்டுங்கோ அதை. குடிக்க வாற ஆரையும் மறிக்கேலாது எண்டு எழுதுங்கோ."

நொத்தாரிசு முணுமுணுத்துக்கொண்டு வெட்டி எழுதினார். அதற்குப் பிறகுதான் மாமி கையெழுத்து வைத்தார், பெரிய பெரிய எழுத்தாக.

இதோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது. ஆனால் என் அப்பா யாழ்ப்பாணத்து மனுசன். பதியாத உறுதியை அவர் உறுதியென்றே நினைக்கமாட்டார். அடுத்த திங்கட்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு, உறுதியைச் சுருட்டிக் குடைக்குள் வைத்துக்கொண்டு கிளிநொச்சிக் காணிக் கந்தோருக்குத் தானே போனார். பதிந்து தரச் சொல்லிக் கிளாக்கரிடம் நீட்டினார்.

கிளாக்கர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். "இது ஆற்றை காணி?"

"நாகமுத்துவின்ரை."

"இது அரசாங்கத்தின்ரை காணி, ஐயா. அவவுக்கு இருக்கிறது பெர்மிட். பெர்மிட் காணியிலை ஒரு பிடி மண்ணைத்தானும் இன்னொருத்தருக்கு எழுதேலாது. எழுதினால் பெர்மிட் போச்சு." சொல்லிவிட்டு உறுதியைத் திருப்பித் தரவில்லை. பெரியவரின் அறைக்குக் கொண்டுபோனார்.

தன் நாட்டுச் சட்டம் முழுவதையும் கரைத்துக் குடித்தவர் என்று நினைத்திருந்த மனுசன், வேலி பாயாமல், களவெடுக்காமல், தன் கையாலேயே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரியின் காணிக்கு உலை வைத்துவிட்டு வந்தார். அன்று வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

5

விசாரணைக்கு நாள் வைத்துக் கடதாசி வந்தது. எழுதிக் கொடுத்தது மாமி என்றபடியால் முதலில் போகப்போவது மாமியின் காணிதான். அப்பா எல்லைக்குப் போய் நின்று கூப்பிட்டார். நானும் அம்மாவும் பின்னால் நின்றோம்.

"தங்கச்சி, நான் சொல்லிறதைக் கேளும். வாசிக்காமல் கையெழுத்து வைச்சனான், அவர் என்னை ஏமாத்திப்போட்டார் எண்டு சொல்லும். நானும் அப்பிடித்தான் சொல்லப்போறன்."

"அப்ப உங்கடை காணி?"

"எனக்கு ரெண்டு கை இருக்கு, மனிசி இருக்கு, பிள்ளையள் இருக்கு. எங்கையும் போய்ப் பிழைப்பன். உமக்கு உந்தக் காணியை விட்டால் என்ன கிடக்கு?"

தன்னுடைய காணியும் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே அம்மா ஓமென்று தலையை ஆட்டினார். மாமி தன் மாட்டுக்கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மாடு அவிட்டுப்போட்டுது அண்ணை, நான் போட்டு வாறன்" என்று போய்விட்டார். மாடு கட்டினபடியேதான் நின்றது.

விசாரணை அன்று ஒரே வண்டிலில் போனோம். அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சல் என் மடியில். ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டார்கள். அப்பா போய்க் கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். "சொல்லிப்போட்டன்" என்றார். அடுத்தது மாமி. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. ஒரு தடவை அதிகாரியின் குரல் உயர்ந்தது. மாமியின் குரல் கேட்கவே இல்லை. வாய்க்காலில் நின்று கத்துகிற மனுசி அத்தனை மெதுவாகப் பேசியது எனக்குப் பயத்தைத் தந்தது.

வந்ததும், "சோத்தை எடு பிள்ளை, பசிக்குது" என்றார்.

"என்ன சொன்னீர்?" என்று அப்பா கேட்டார்.

"கேட்டதுக்கு மறுமொழி சொன்னனான்."

பின்னேரம் கிளாக்கர் வந்து தீர்ப்பைச் சொன்னார். உறுதி செல்லாது. ரெண்டு பேருடைய பெர்மிட்டும் தொடரும். இனி இப்படிச் செய்யக்கூடாது. அப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அந்த வாங்கிலேயே இருந்துவிட்டார். மாமி அவர் பக்கம் பாராமல் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

6

அப்பா என்ன விளங்கிக்கொண்டார் தெரியுமா? தான் சொல்லிக்கொடுத்தபடியே மாமி சொல்லிவிட்டார், அதனால் அவருடைய காணி தப்பியது, தன்னில் இரக்கப்பட்டு அதிகாரி தன்னையும் மன்னித்துவிட்டார் என்று. அன்று முதல் அரசாங்கக் கடதாசியில் தனக்கு ஏமாற்றுக்காரன் என்று பெயர் என்று நம்பிக்கொண்டார். அதில் அவருக்குக் கவலையும் இருந்தது, ஒரு விதமான பெருமையும் இருந்தது. மாமிக்குக் கேட்கவென்றே ஆரோடும் சொல்லுவார், "என்னை நம்பாதேங்கோ, நான் கந்தோரிலை பதிஞ்ச கள்ளன்."

"நான் உங்களைப் பற்றி ஒரு பிழையும் சொல்லேல்லை அண்ணை" என்பார் மாமி.

"ஓம் ஓம்" என்று அப்பா கையை விசுக்குவார். மனம் நோகக்கூடாது என்று மாமி சொல்கிற உபசாரம் என்பது அவருடைய எண்ணம். எங்களுடைய எண்ணமும் அதுதான்.

துலா ஆடியது. மிளகாய் விளைந்தது. பங்கைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவுமில்லை. விடிய நாங்கள் இறைப்போம், வெயில் ஏற மாமி இறைப்பார்.

அஞ்சு வருடம் கழித்துக் குடியேற்றக்காரருக்கெல்லாம் பந்தல் போட்டு நிரந்தர உறுதி கொடுத்தார்கள். மாமி நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்து, அப்பாவின் பெயர் கூப்பிட்டபோது எல்லாரிலும் சத்தமாகக் கைதட்டினார். அப்பா சோடா குடித்து முடியுமட்டும் அந்த உறுதியை மடியில் வைத்துக் காவல் இருந்தார்.

"உம்மடை எங்கை மச்சாள்?" என்று அம்மா கேட்டார்.

"எனக்குக் கந்தோர் வாசல் மிதிக்க இப்ப பஞ்சியாக் கிடக்கு. ஆறுதலா எடுப்பம்."

கந்தோரில் சொந்தக் கதிரை வைத்திருந்த மனுசி இப்படிச் சொன்னதில் ஏதும் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. சோம்பேறி என்று பகிடி பண்ணினோம். வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்த கிழமை, குடையை எடுத்துக்கொண்டு மாமி பஸ் ஏறுவார். கேட்டால் வவுனியாவிலை தங்கச்சி வீட்டை என்பார். பின்னேரமே திரும்பி வந்து நிற்பார். "தங்கச்சி சோறு போடாமலே கலைச்சுப்போட்டாளோ?" என்று அம்மா கேட்க, மாமி பகிடியைத் தொடங்கி முடிக்காமல் சிரிப்பார்.

நான் கப்பலேறப் போன அன்று மாமி அழவில்லை. "அங்கை தண்ணி நல்லமோ எண்டு முதல் கடிதத்திலை எழுது" என்றார். இங்கே குழாய்த் தண்ணீர். நல்லம் என்று எழுதினேன். என் தண்ணீரை ஆர் அனுப்புகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரெண்டு வருடத்துக்கு முன் அப்பா காலமானார். நான் போக வழி இருக்கவில்லை. கடைசியாக அவர் விளங்கப் பேசியது மாமியோடு என்று தம்பி எழுதியிருந்தான். "கள்ளன் போறன் தங்கச்சி" என்றாராம்.

7

நேற்றுத் தம்பியின் ரெண்டாவது கடிதம் வந்தது. இந்த முறை நீலக் கடிதம் இல்லை, தடித்த கடித உறை.

மாமியின் மரணத்தை அறிவிக்க அவன் காணிக் கந்தோருக்குப் போயிருக்கிறான். அங்கே இப்போது கிளாக்கராக இருப்பவன் அவனோடு படித்தவன். மாமியின் கடதாசிக் கோவையை எடுத்துக் காட்டியிருக்கிறான். விசாரணையில் கேட்டதும் சொன்னதும் எல்லாம் அதில் இங்கிலிசில் இருந்ததாம். தம்பி அங்கேயே இருந்து தமிழில் எழுதி அனுப்பியிருந்தான். அவன் எழுதியபடியே தருகிறேன்.

கேள்வி: இந்த உறுதியை வாசித்தீரா?

விடை: வாசித்தேன். ஒரு இடம் பிழையாக இருந்தது. திருத்துவித்தேன்.

கேள்வி: தான் உம்மை ஏமாற்றியதாகப் பக்கத்துக் காணிக்காரர் சொல்லியிருக்கிறார்.

விடை: பொய். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. என் காணிக்காக இன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறார். அதை எழுத வேண்டாம்.

கேள்வி: அரசாங்கக் காணியில் பங்கு எழுதக்கூடாது என்று தெரியாதா?

விடை: தெரியாது. எழுதியது பிழை. தண்ணீர் கொடுத்தது பிழை இல்லை.

கேள்வி: இனி இந்தக் கிணற்றில் பக்கத்துக் காணிக்காரருக்கு இடம் கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்து வைப்பீரா? வைத்தால் மற்றவர்களைப் போல உமக்கும் நிரந்தர உறுதி கிடைக்கும்.

விடை: வைக்கமாட்டேன்.

அப்பா சொன்ன பொய்க்குக் குறுக்கே அதிகாரி ஒரு கோடு இழுத்திருந்தாராம். ஆகவே அப்பாவுக்கு எந்தக் கடதாசியிலும் கெட்ட பெயர் இல்லை. கீழே தீர்ப்பு. நன்றாகப் பயிர் செய்கிற பெண் என்றபடியால் பெர்மிட் பறிக்கப்படவில்லை. ஆனால் நிரந்தர உறுதி இல்லை. வருடா வருடம் நேரில் வந்து புதுப்பிக்க வேண்டும்.

தங்கச்சி வீடு அதுதான். ஒவ்வொரு வருடமும் அங்கே அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இப்பவாவது கையெழுத்து வைப்பீரா? அதிகாரிகள் மாறியிருக்கிறார்கள், கேள்வி மாறவில்லை, விடையும் மாறவில்லை. "எண்ணிப் பார்த்தன் அக்கா" என்று தம்பி எழுதியிருக்கிறான். "பதினாறு தரம் மாட்டன் எண்டு சொல்லியிருக்கிறா. பதினாறு இடத்திலையும் அவவின்ரை கையெழுத்து இருக்கு." அப்பாவிடம் உண்மை இன்னதென்று விளக்கிச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே துலாவைப் பிடுங்கிப் போட்டிருப்பார். அது மாமிக்குத் தெரியும். அதனால்தான் "ஒரு பிழையும் சொல்லேல்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

உறுதி இல்லாதபடியால் காணி மாமியோடு முடிந்துவிட்டது. தங்கச்சியின் பிள்ளைகளுக்கும் போகாது. அரசாங்கம் வேறு ஆரையோ கொண்டுவந்து இருத்தும். புருசன் வெட்டிய காடு, தனிப் பெண்ணாக நின்று விளைவித்த மண், ஒரே ஒரு கையெழுத்தில் அவருடையதாகியிருக்கும். எங்கள் துலாவுக்காக அதை விட்டுவிட்டார். விட்டதை ஒருவருக்கும் சொல்லவுமில்லை.

இதை வாசித்து நான் அழுதேன்தான். ஆனால் அழுகையைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சுக்குள் நிமிர்ந்து நிற்கிறது. நான் அந்த மனுசியின் பக்கத்துக் காணியில் வளர்ந்தவள். அந்தத் தண்ணீரில் சமைத்ததைத் தின்று வளர்ந்தவள். என்ன முறை என்று என் பிள்ளைகள் இனிக் கேட்டால் இந்தக் கடதாசியைத்தான் எடுத்து நீட்டுவேன். மகனுக்கு நேற்றே வாசித்துக் காட்டினேன். அவன் "பதினாறு தரமா?" என்று மட்டும் கேட்டான்.

தம்பிக்கு இன்று காலை மறுமொழி போட்டுவிட்டேன். நலம் விசாரிப்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு விசயம்தான் எழுதினேன்.

"நீ அனுப்பின கடதாசியின்ரை பிரதி உன்னட்டை இருக்கும். அப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை போயிருந்து முதலிலையிருந்து கடைசிமட்டும் வாசி. சத்தமாய் வாசி, தம்பி. அவருக்குக் கடைசிக் காலத்திலை காது கேக்கிறேல்லை எண்டு நீதானே எழுதினனி."